கொடுத்தவள் வீட்டில் பூக்காத செடி

நோன்பு மாதத்தின் இரண்டாவது வாரத்தில், ஒரு காலை நேரம். மொட்டைமாடியில் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த சாஜிதாவுக்கு அந்த வாசனை வந்தது. யாரோ அத்தர் பூசிக்கொண்டு தெருவில் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். தெருவில் போகிறவரின் அத்தர் அவரோடு போய்விடும். இது போகவில்லை. தேனையும் பன்னீரையும் கலந்து அதில் கனிந்த பழம் ஒன்றைப் பிசைந்துவிட்டது போன்ற இனிப்பு வாசனை. வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது.

அவளுடைய மாடியில் அன்று மணக்கும் பூ எதுவும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு செடியாகப் போய் முகர்ந்து பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவருக்கு வந்து பக்கத்து வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து வீடு அவளுடைய கொழுந்தன் இர்பானுடையது. இர்பான் குவைத்தில் வேலை பார்த்தான். வீட்டில் அவன் மனைவி பர்வினும், அவர்களுடைய சின்ன மகள் சுமையாவும், மாமியார் ரஹ்மத் பீவியும் இருந்தார்கள். கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு மேலே, சன்ஷேடின் அடியில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேங்காய் மட்டை தொங்கியது. அதிலிருந்து இலையே இல்லாத சில குச்சிகள் கயிறு போலக் கீழே இறங்கியிருந்தன. குச்சி முழுக்க, கணுவுக்குக் கணு, வெளிர் ஊதாப் பூக்கள். பக்கத்தில் சுமையாவின் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

அது எந்தச் செடி என்று சாஜிதாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் கொடுத்த செடிதான்.

கூத்தாநல்லூரில் சாஜிதாவின் மாடி கொஞ்சம் பேர் எடுத்த மாடி. கொரோனா சமயத்தில், கணவன் ஜாஹித்தின் மன்னார்குடி ஜவுளிக்கடை பூட்டிக் கிடந்த நாட்களில், போனில் எதையோ பார்த்து ஓர் ஆர்க்கிட் செடியை வரவழைத்தாள். அது பூத்ததும் இன்னொன்று. பிறகு மாடி முழுக்கப் பச்சை நிழல்வலை வந்தது. கரித்துண்டு மூட்டைகளும், மழைத்தண்ணீர் பிடிக்கிற டிரம்முகளும் வந்தன. கண்ணுக்கு மட்டும் அழகான ஆர்க்கிட்டுகளில் அவளுக்கு ஆசை இல்லை. மணக்க வேண்டும். காலையில் மணப்பது, மத்தியான வெயிலில் மணப்பது என்று தேடித் தேடி வாங்கினாள். டெல்டா வெயிலுக்கு இதெல்லாம் வராது என்று வாட்ஸ்அப் குழுவில் சொன்னவர்களே பின்னால் அவளிடம் யோசனை கேட்டார்கள்.

எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. அதற்கு அனோஸ்மம் என்று பெயர். இருப்பதிலேயே நல்ல மணம் அதற்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கேரளாவிலிருந்து வரவழைத்து, மாடியில் நல்ல இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டு, வேளை தவறாமல் தண்ணீரும் வாரம் தவறாமல் உரமும் கொடுத்தாள். செடி தளதளவென்று வளர்ந்தது. ஆனால் பூ வர வேண்டிய கணுக்களில் எல்லாம் குட்டிச் செடிகள் முளைத்தன. வருடா வருடம் அதேதான்.

அப்படி முளைத்த குட்டிகளில் ஒன்றைத்தான் பர்வின் கேட்டு வாங்கிப் போனாள். “லாத்தா, எனக்கும் ஒண்ணு குடுங்களேன். எது குடுத்தாலும் சரி” என்றாள். அக்கா முறை வைத்து அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். சாஜிதா பார்த்துப் பார்த்து, இருந்ததிலேயே நோஞ்சானாக, இரண்டே வேர் விட்டிருந்த குட்டியைக் கிள்ளிக் கொடுத்தாள். பர்வினுக்கு அது தெரியவில்லை. பழைய துப்பட்டாவைக் கிழித்து அதை மட்டையில் கட்டி, துணிக்கம்பியில் மாட்டிவிட்டாள்.

பர்வினுக்கு எல்லாம் அப்படித்தான். நெய்ச்சோற்றுக்கு அளக்காமல் தண்ணீர் ஊற்றுவாள். உதிரி உதிரியாக வரும். சாஜிதா இந்த வீட்டுக்கு வந்து மாமியாரின் மனசுக்குள் நுழையப் பல வருடம் ஆயிற்று. பர்வின் வந்த வாரமே ரஹ்மத் பீவி அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டார். சண்டை போட்டால்கூட அடுத்த நிமிடம் எல்லோரும் அவள் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். சாஜிதா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். மாடி ஒன்று அவளுடையதாக இருந்தது. மாடிக்கு ஏறிவிட்டால் அங்கே அவளை விடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

இப்போது அந்த மாடிக்கே வாசனை கீழேயிருந்து ஏறி வந்தது.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சிக் கிண்ணத்தை வாங்கப் போகிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பர்வின் ஓடி வந்து கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“பாத்தீங்களா லாத்தா? நீங்க குடுத்தது! காலையிலேர்ந்து வீடே மணக்குது.”

“என்ன போட்ட?”

“என்னத்தப் போட்டேன்? ஒண்ணும் போடல. மழை விட்டதுக்கப்புறம் தண்ணி ஊத்தவே மறந்துட்டேன். இலையெல்லாம் பழுத்துக் கொட்டிருச்சு. செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுடலாம்னுதான் இருந்தேன். அதுக்கும் சோம்பேறித்தனம்.” பர்வின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாஜிதாவும் சிரித்தாள். மார்கழி, தை மாதங்களில் இந்தச் செடியைக் காயப்போட வேண்டும், இலை உதிர்ந்த குச்சியில்தான் பூ வரும் என்று அவளும் படித்திருந்தாள். குழுவில் மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறாள். தன் செடி என்று வரும்போது கை கேட்கவில்லை. வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகவில்லை. பர்வினோ மறந்தே போனாள். மறந்தவளுக்குப் பூத்துவிட்டது!

அதற்குப் பிறகு அந்தக் கொல்லை ஊர் கூடும் இடமாகிவிட்டது. முழங்கால் வலியால் சாஜிதாவின் மாடிக்கு ஒரு தடவைகூட ஏறாத ரஹ்மத் பீவி, கொல்லையில் நாற்காலி போடச் சொல்லி, மத்தியான லுஹர் தொழுகை வரை அங்கேயே தஸ்பீஹ் ஓதிக்கொண்டு உட்கார்ந்தார். நோன்பு திறக்க வந்த சொந்தக்காரர்கள் கஞ்சி குடித்த கையோடு பூவைப் பார்க்கப் போனார்கள். கடையிலிருந்து வந்த ஜாஹித், “பர்வின் வீட்ல என்னமா மணக்குது தெரியுமா! நம்ம மாடியில இத்தனை இருந்து என்ன புண்ணியம்?” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். சாஜிதா அவனுக்கு அன்று தட்டை நகர்த்தி வைத்த சத்தம் அடுப்படி வரை கேட்டது.

எல்லாவற்றையும் விட, பர்வின் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது. “எல்லாம் லாத்தா குடுத்ததுதான்.” அதைக் கேட்டவர்கள் சாஜிதாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். “அப்ப ஒங்க வீட்டுல பூக்கலியா?” என்பார்கள். “இல்ல” என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

“சாஜிதா, இவ்வளவு செடி வச்சிருக்கியே, இது மாதிரி ஒண்ணு வளக்கக் கூடாதா?” என்று ஒருநாள் ரஹ்மத் பீவி கேட்டார். செடியைக் கொடுத்தது அவள் என்று கேட்டிருந்தாலும், தாய்ச்செடியே அவள் மாடியில் இருப்பது அவருக்குத் தெரியாது. சாஜிதா எழுந்து வீட்டுக்கு வந்தாள். மாடிக்குப் போய்த் தன்னுடைய அனோஸ்மத்தின் முன்னால் நின்றாள். பச்சைப் பசேலென்று இலைகள். அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. வாயில் நோன்பு, மனசில் இது என்று தன்மீதே வெறுப்பு வந்தது. அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தாள். காற்று அடித்ததும் மறுபடி வாசனை வந்தது. மறுபடி வயிறு எரிந்தது.

பெருநாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது பர்வின் வந்தாள். முகமெல்லாம் பளபளத்தது.

“லாத்தா, அவரு வர்றாரு! லீவு கெடச்சிருச்சு. பெருநாளைக்கு மொத நாள் வந்துடுவாரு.” இர்பான் ஊருக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. “வீடியோவுல பூவைக் காட்டுனா, வாசனைய எப்படி அனுப்புவேன்னு கேக்குறாரு. அவரு வர்ற வரைக்கும் பூ நிக்கணும் லாத்தா. வெயில் வேற இப்படி அடிக்குது. என்ன செய்யட்டும்?”

இருந்த இடத்திலேயே விட்டு, மத்தியான வெயிலுக்கு மட்டும் ஒரு துணியை மறைப்பாகக் கட்டினால் போதும். சாஜிதாவுக்கு அது தெரியும். ஆனால், “உள்ள கொண்டு போயி நெழல்ல வையி. குளுமையா இருந்தா தாங்கும்” என்றாள். அதுவும் பொய் இல்லை. அதுவரை அவள் மனசிலும் வேறு எதுவும் இல்லை.

இருவருமாகச் செடியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். அங்கே உத்தரத்தில் இரண்டு கொக்கிகள். ஒன்றில் நோன்பு திறக்க வாங்கிய பூவன்தார் தொங்கியது. பாதிக்கு மேல் பழுத்து, அறையே வாழைப்பழ வாசனையாக இருந்தது. அதை ஒட்டினாற்போல அடுத்த கொக்கி காலியாக இருந்தது.

“இங்க மாட்டட்டுமா லாத்தா? மாமி சாப்பிடறப்ப பாத்துக்கிட்டே இருப்பாங்க.”

பழுக்கிற பழத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு வரும். பக்கத்துக் காயைப் பழுக்க வைப்பதும் அதுதான், ஆர்க்கிட் பூவை வாட வைப்பதும் அதுதான். ஒரு கோடையில் மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் பூத்தொட்டியை வைத்து, மொத்தப் பூவையும் இழந்து சாஜிதா கற்றுக்கொண்ட பாடம் அது. அவள் தாரைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். கையில் செடியோடு ஸ்டூல் மேல் நின்று, பதிலுக்குக் காத்திருந்த பர்வினைப் பார்த்தாள்.

“நல்ல எடம்” என்றாள்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் வெங்காயம் உரித்தாள். நான் ஒன்றும் செய்யவில்லையே, அவளாகத்தானே மாட்டினாள் என்று சொல்லிக்கொண்டாள். போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. வெங்காயம் முடிந்ததும் போகலாம் என்று இருந்தாள். பிறகு போகவில்லை.

மறுநாளே பூக்களின் ஓரம் கண்ணாடித் தாள் போல ஆயிற்று. அதற்கடுத்த நாள் எல்லாமே துவண்டு, நனைந்த காகிதம் மாதிரி குச்சியோடு ஒட்டிக்கொண்டன. நுனியில் இருந்த மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. சுமையா அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். பர்வின் சாஜிதாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அழவில்லை. “என் கை ராசி அவ்வளவுதான் லாத்தா. கொஞ்சம் அதிகமா சந்தோஷப்பட்டுட்டேன்” என்றாள். சாஜிதாவுக்குள் ஒரு மூலையில் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. அப்படி இறங்கியதை அவள் நன்றாக உணர்ந்தாள்; அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“கண்ணூறு” என்றார் ரஹ்மத் பீவி. “வர்றவ போறவ எல்லாம் வாயப் பொளந்துகிட்டுப் பாத்தா வேற என்ன ஆகும்?” யார் யார் பார்த்தார்கள் என்று யோசித்தவர், பூவம்மாளிடம் வந்து நின்றார். பூவம்மாள் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கி, வாசல் பெருக்குகிறவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் ஓரத்தில் அவள் வீடு. பூத்த அன்றே, “அம்மாடி, இவ்வளவு பூவா! கண்ண எடுக்க முடியலையே” என்று அவள் கன்னத்தில் கை வைத்துச் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

“மாமி, அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல” என்று பர்வின் சொல்லிப் பார்த்தாள். ரஹ்மத் பீவி கேட்கவில்லை. மறுநாள் பூவம்மாள் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, பெருநாள் முடிகிறவரை இந்தப் பக்கம் வர வேண்டாம், உன் கண் நல்ல கண் இல்லை என்று சொல்லிவிட்டார். தெருவில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

சாஜிதா தன் வீட்டு ஜன்னலில் நின்று அதைக் கேட்டாள். பூவம்மாள் போகிற வழியில் அந்த ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

“சாஜிதாம்மா, நீங்க சொல்லுங்க. ஒரு பூவ அழகா இருக்குன்னு சொன்னது தப்பா?”

“தப்பில்லக்கா” என்றாள் சாஜிதா. பூவம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முழுக்க சாஜிதாவால் எதிலும் நிலைகொள்ள முடியவில்லை. ஒரு பூ வாடியதை எப்படியாவது மனசுக்குள் போட்டு மூடிவிடலாம். இது மூடவில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பர்வின் நோன்பு திறக்க வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

“பர்வினு, பூ வாடுனது கண்ணூறால இல்ல.”

“பின்ன?”

“வாழப்பழத்தால. பழுக்குற பழத்துக்குப் பக்கத்துல வச்சா இந்தப் பூ தாங்காது.”

பர்வின் சட்டுவத்தை எண்ணெயிலிருந்து எடுத்தாள். “அப்படியா? எனக்குத் தெரியாதே. நீங்களும் இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பர்வினே அதற்கு வழி விட்டுக் கொடுத்தாள்.

“முன்னாடியே தெரியும்.”

“நான் மாட்டுறப்பவே?”

“மாட்டுறப்பவே.”

பர்வின் அடுப்பை அணைத்தாள். சட்டியில் எண்ணெய்ச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது.

“ஏன் லாத்தா?”

“தாங்க முடியல.”

“எத?”

“ஒன் வீட்ல பூத்தத.”

“வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒங்க பேரத்தானே சொன்னேன்?”

“அதுவும்தான் தாங்க முடியல.”

பர்வினின் முகத்தில் சாஜிதா அதுவரை பார்க்காத ஒன்று வந்தது. அந்தக் கோபத்துக்குச் சத்தமே இல்லை.

“ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற மனுஷனுக்குக் காட்ட என்கிட்ட என்ன இருக்கு லாத்தா? மாமியப் பாத்துக்கிட்டேன், புள்ளயப் பாத்துக்கிட்டேன். அத யாரு பாக்கப் போறா? ஒரு பூ இருந்துச்சு.” அவள் குரல் உடைந்தது. “இன்னிக்கு இங்க நோன்பு தொறக்காதீங்க. வீட்டுக்குப் போங்க. போறப்ப மாமிகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

ரஹ்மத் பீவி தன் அறையில் தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருந்தார். சாஜிதா எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த மாமியார் தஸ்பீஹ் மணிகளை விரிப்பில் வைத்தார்.

“அந்தப் பொம்பளைய நடுத்தெருவுல வச்சு என்னென்ன பேசிட்டேன்” என்றார். “நீ செஞ்சத அல்லாகிட்ட நீயே பேசிக்க. பூவம்மாளக் கூட்டிக்கிட்டு வா. நான் மன்னிப்புக் கேக்கணும்.”

சாஜிதா மறுநாள் காலை வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனாள். பூவம்மாள் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டபோது அவள் முகத்தில் ஆச்சரியம்கூடக் காணவில்லை.

“நான் வரமாட்டேன்” என்றாள். “என்னை நாலு பேரு கேக்கத்தான் சொன்னாங்க. இல்லேங்கிறதயும் நாலு பேரு கேக்கச் சொல்லட்டும்.”

இதைச் சாஜிதா வந்து சொன்னபோது ரஹ்மத் பீவி கோபித்துக்கொள்ளவில்லை. பெருநாள் காலையில், தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பியதும், ஆட்டோ வரச் சொன்னார். பிரியாணிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சாஜிதாவையும் பக்கத்தில் ஏறச் சொன்னார். பூவம்மாளின் தெருமுனையில் ஆட்டோ நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது. “பூவம்மா, ஒன் மேல நான் சொன்னது பொய்யி. தப்பு எங்க வீட்டுல. மன்னிச்சுக்க” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பூவம்மாள் சட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். வீட்டில் யார் செய்த தப்பு என்று ரஹ்மத் பீவி சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் தலைகுனிந்து நின்றவளைத் தெரு பார்த்துக்கொண்டது.

இர்பான் வந்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு வீடும் ஒன்றாக உட்கார்ந்தபோது, “மச்சி, நீங்க குடுத்த செடி அப்படி மணந்துச்சாமே! எனக்குத்தான் குடுத்து வைக்கல. நான் வர்றதுக்குள்ள வாடிருச்சு” என்றான் அண்ணி சாஜிதாவிடம், சிரித்துக்கொண்டே. சாஜிதா பர்வினைப் பார்த்தாள். பர்வின் மகளுக்குக் கறியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்; நிமிரவில்லை. அவள் புருஷனிடம் சொல்லவே இல்லை. சாஜிதா குனிந்து சோற்றைப் பிசைந்தாள். வெட்கமும் இருந்தது. அதற்குள்ளேயே பழைய எரிச்சலும் எட்டிப் பார்த்தது. காட்டிக் கொடுக்காமல் இருப்பதிலும் இவள்தான் ஜெயிக்க வேண்டுமா?

அதற்குப் பிறகு பர்வின் அவளை லாத்தா என்று கூப்பிடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். பண்டம் செய்தால் சுமையாவிடம் கொடுத்தனுப்பினாள். மாடிக்கு மட்டும் ஏறவில்லை. இர்பான் திரும்பிப் போன கையோடு குடும்ப விசாவுக்கு ஏற்பாடு செய்தான். ஆடி பிறப்பதற்குள் பர்வினும் சுமையாவும் குவைத்துக்குக் கிளம்பினார்கள். ரஹ்மத் பீவி சாஜிதாவின் வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று.

பர்வின் வீட்டைக் காலி செய்த வாரம் முழுக்க, அந்தச் செடியைத் தன்னிடம்தான் விட்டுப்போவாள் என்று சாஜிதா நம்பினாள். வேறு யாருக்கு அதைப் பற்றித் தெரியும்? மாடியில் அதற்கு ஒரு கொக்கிகூட ஒதுக்கி வைத்தாள். கிளம்புகிற அன்று காலை, பூவம்மாள் அந்த மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்தாள். பூ வாடியபோது ஒரு மூலையில் குளிர்ந்த அதே நெஞ்சு, இப்போது பற்றிக்கொண்டு எரிந்தது. கிள்ளிக் கொடுத்தது நான், எனக்கு இல்லையா? கேட்க அவளுக்கு வாய் இல்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. மார்கழி பிறந்ததும் சாஜிதா தன் அனோஸ்மத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாள். தெளிப்பானோடு அதைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு காலையும் கை அந்தப் பக்கம் தானாகத் திரும்பும். இழுத்துப் பிடித்துக்கொண்டு போவாள். தை மாதத்தில் இலைகள் பழுக்கத் தொடங்கியபோது அவளுக்குப் பூவம்மாளின் செடி நினைவு வந்தது. பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று ஒருநாள் கிளம்பினாள்.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அறுத்த வயலில் உளுந்து முளைத்திருந்தது. பூவம்மாளின் வீட்டு முன்னால் முருங்கைமரக் கிளையில் செடி தொங்கியது. பச்சைப் பசேலென்று இலைகள். மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“வாங்க சாஜிதாம்மா” என்றாள் பூவம்மாள். “பாத்தீங்களா எப்படி வச்சிருக்கேன்னு? காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. வாயில்லாத ஜீவன், தண்ணிக்குத் தவிக்கக் கூடாதுல்ல.”

இப்படியே ஊற்றினால் இந்த வருடம் இது பூக்காது. கணுவுக்குக் கணு குட்டிதான் வரும். சாஜிதா மாடியில் பூக்கும், பூவம்மாள் வாசலில் பூக்காது. அதற்காக அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நல்லா வச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினால் போதும். முருங்கையின் கீழே அவள் நின்றாள். பூவம்மாள் நாற்காலி எடுத்து வரப் போனாள். அவள் திரும்பி வருகிறவரை சாஜிதா அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூவம்மாக்கா, தண்ணிய நிறுத்திடுங்க.”

“என்னது?”

“மாசி முடியிற வரைக்கும் ஊத்தாதீங்க. இலையெல்லாம் கொட்டிரும். கொட்டட்டும். பயப்படாதீங்க. அப்பத்தான் பூக்கும்.”

பூவம்மாள் நாற்காலியை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“போன தடவ உள்ள வைக்கச் சொன்னவங்களும் நீங்கதானே?”

சாஜிதாவுக்கு முகம் சிவந்தது. கேட்டதில் நியாயம் இருந்தது. என்ன சத்தியம் செய்தால் இவள் நம்புவாள் என்று தெரியவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். பர்வின் போன பிறகு சாஜிதா அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது திரையில் பர்வினின் முகம் வந்தது. தலையில் துண்டு கட்டியிருந்தாள். பின்னால் சுமையாவின் சத்தம் கேட்டது.

“மாமிக்கு என்ன?” என்றாள் பதறிப்போய்.

“மாமி நல்லா இருக்காங்க. நான் பூவம்மாக்கா வீட்ல நிக்கிறேன். தண்ணி ஊத்தாதீங்கன்னு சொன்னேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. நீ சொல்லு.” போனைப் பூவம்மாள் பக்கம் திருப்பினாள்.

“அவங்க சொல்றது நெசம்தான் பூவம்மாக்கா” என்றது பர்வினின் குரல். “நானும் ஊத்தல. சுத்தமா மறந்துட்டேன். இப்ப நீங்களும் மறந்துடுங்க.”

“நீ சொன்னா சரி கண்ணு” என்றாள் பூவம்மாள். செடிக்கென்று பக்கத்தில் வைத்திருந்த சொம்புத் தண்ணீரை முருங்கை வேரில் கவிழ்த்துவிட்டு டீ போட உள்ளே போனாள்.

சாஜிதா போனைத் தன் பக்கம் திருப்பினாள். வயலில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பர்வின் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

“நல்லாப் பூக்கும்னு நெனக்கிறீங்களா?” என்றாள் பர்வின்.

“குச்சியெல்லாம் ஒன்கிட்ட இருந்தப்ப இருந்தத விட நீளம். பூத்தா தெருவே மணக்கும்.”

“பொறாமையா இருக்கா லாத்தா?”

“இருக்கு” என்றாள் சாஜிதா.

குவைத்தில் பர்வின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.